குசினியின் கூச்சலை அடக்கிய எஸ்கொஃபியே

ஒஸ்லோவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாழும் எமது குடும்பங்களில், உணவகக் குசினியில் சிறிது காலமாவது நின்ற ஒருவர் இல்லாத உறவு வட்டம் அரிது. எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் வந்து சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் வடக்கே ஃபின்மார்க் மீன் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். தலைநகருக்கு வந்தவர்களும், பின்னர் வடக்கிலிருந்து இறங்கி வந்தவர்களும் துப்புரவு வேலையையோ கோப்பை கழுவும் வேலையையோ பிடித்துக்கொண்டார்கள். ஊரில் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் பல்கலைக்கழக மாணவராகவும் இருந்தவர்கள் இந்த நாட்டு மொழியில் முதலில் கற்ற சொற்களில் ஒப்வஸ்க் என்பதும் ஒன்று. அவர்களிற் சிலர் கழுவும் தொட்டியிலிருந்து மரக்கறி வெட்டும் மேசைக்கும், அங்கிருந்து அடுப்புக்கும் ஏறினார்கள்.

அப்பா நள்ளிரவு கடந்து எண்ணெய் மணத்தோடு வீட்டுக்கு வருவார் என்பதும், சனிக்கிழமைகளில் எந்தக் கொண்டாட்டத்துக்கும் அவர் வரமாட்டார் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தக் குசினிக்குள் என்ன நடந்தது என்று அவர் சொல்வதில்லை. பிள்ளைகளும் கேட்பதில்லை. இன்று தொலைக்காட்சியில் செஃப்மார் கத்துவதையும் தட்டுகளைத் தூக்கி எறிவதையும் பார்த்துவிட்டு, அந்தத் தொழில் அப்படித்தான் இருக்கும் என்று இளையவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

அது அப்படித்தான் இருக்க வேண்டியதில்லை என்று நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்னரே செய்து காட்டிய ஒருவரின் வாழ்க்கையை இங்கு எழுத விரும்புகிறோம். அவர் பெயர் ஒகுஸ்த் எஸ்கொஃபியே. பிரான்ஸ் நாட்டவர். இன்று ஒஸ்லோவில் ஒரு பெரிய ஹோட்டலின் குசினியில் ஷெக்கன்ஷெஃப், சூஷெஃப் என்று எம்மவர் சொல்லும் பதவி வரிசை அவர் ஒழுங்குபடுத்திய முறையின் வழியில் வந்தது. கணக்கெழுதிப் பிழைக்கும் எமக்கு அவர் வாழ்க்கையில் இன்னொரு அக்கறையும் உண்டு. குசினியை இவ்வளவு சீராக ஒழுங்குபடுத்திய அந்த மனிதர் கணக்கேட்டின் முன் தலைகுனிய நேர்ந்தது. அந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் குசினி வேலையின் அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும்.

இரும்புக்கொல்லரின் மகன்

எஸ்கொஃபியே 1846 ஒக்டோபர் 28ஆம் திகதி நீஸ் நகருக்கு அருகே வில்நெவ்-லூபே என்ற ஊரில் பிறந்தார். அப்போது நீஸ் நகர் சார்தீனிய அரசுக்கு உட்பட்டிருந்தது. 1860இல்தான் பிரான்ஸுடன் சேர்ந்தது. தகப்பனார் இரும்புக்கொல்லர். மகனுக்குச் சிற்பியாக வேண்டும் என்று ஆசை. வீட்டு நிலைமை அதற்கு இடம் கொடுக்கவில்லை. 13 வயதில் நீஸில் உணவகம் வைத்திருந்த சிற்றப்பாவிடம் வேலை பழக விடப்பட்டார். உறவினர் என்பதற்காக அங்கே சலுகை எதுவும் கிடைக்கவில்லை. அடியும் திட்டும் எல்லாப் பையன்களுக்கும் போல அவருக்கும் விழுந்தன.

அவர் உயரம் குறைந்தவர். அக்கால அடுப்பு நிலக்கரியால் எரிந்தது. அதன் வெக்கை அவருடைய முகத்துக்கு நேராக வந்தது. அதற்காக உயர்ந்த குதி வைத்த சப்பாத்து அணிந்து வேலை செய்தார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற போதும் அந்தச் சப்பாத்தை அவர் விடவில்லை.

1865இல் பரிஸுக்குப் போய் லு பெத்தி முலென் ரூஜ் என்ற பெயர்பெற்ற உணவகத்தில் சேர்ந்தார். அக்காலக் குசினிகள் பெரும்பாலும் நிலவறைகளில் இருந்தன. காற்றோட்டம் இல்லை. நிலக்கரிப் புகை நெஞ்சை அரித்தது. தாகத்துக்குத் தண்ணீரைவிட மதுவே கைக்கு எட்டியது. மேலிருப்பவர் கீழிருப்பவரை வைவார், கீழிருப்பவர் தனக்குக் கீழிருக்கும் பையனை அடிப்பார். இந்தத் தொழிலில் மனிதர் நெடுங்காலம் வாழ்வதில்லை. எஸ்கொஃபியேக்கு முந்திய தலைமுறையில் அரசர்களுக்கும் இராஜதந்திரிகளுக்கும் சமைத்துப் பெயர் பெற்ற அந்தோனின் காரெம் 1833இல் இறந்தபோது அவருக்கு வயது 48. பல ஆண்டுகள் கரிப்புகையைச் சுவாசித்ததே காரணம் என்று பலரும் நம்பினார்கள்.

1870இல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. எஸ்கொஃபியே இராணுவத்துக்கு அழைக்கப்பட்டு, மெட்ஸ் நகரில் இருந்த தலைமையகத்தில் அதிகாரிகளுக்குச் சமைத்தார். நகரம் முற்றுகைக்குள் அகப்பட்டது. முற்றுகை இறுகும் என்பதை முன்கூட்டியே உணர்ந்து கோழிகளையும் முயல்களையும் தேடிச் சேர்த்து வைத்தார். அவை தீர்ந்தபின் குதிரை இறைச்சி. ஒக்டோபர் கடைசியில் மெட்ஸ் சரணடைந்தது. அவர் கைதியாக ஜேர்மனிக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

முற்றுகைக்குள் சமைப்பது எப்படி என்று எம்மவருக்கு விளக்கத் தேவையில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக் குசினிகளில் எமது தாய்மார் செய்ததும் அதுதான். இருப்பதை எண்ணி, பங்கிட்டு, வீணாக்காமல் ஒரு நேரச் சாப்பாட்டை ஒப்பேற்றினார்கள். எஸ்கொஃபியே அந்த அனுபவத்திலிருந்து இரண்டு விடயங்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். ஒன்று, உணவைத் தகரத்தில் அடைத்துப் பாதுகாப்பதில் வாழ்நாள் முழுதும் நீடித்த ஈடுபாடு. மற்றது, படையணி போல் ஆளுக்கொரு பொறுப்பும் தெளிவான கட்டளை வரிசையும் இருக்க வேண்டும் என்ற எண்ணம்.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது

இந்த இடத்தில் வணிகம் படித்தவர்கள் என்ற முறையில் ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை குறைந்த மாதத்தில் செய்து அடுக்கி வைத்ததை, தேவை கூடிய மாதத்தில் விற்கலாம். கையிருப்பு என்பது நெருக்கடியைத் தாங்கும் மெத்தை. உணவகத்துக்கு அந்த மெத்தை இல்லை. சாற்றையும் மாவையும் காலையில் ஆயத்தம் செய்யலாம். ஆனால் பொரித்த மீனை நேற்றே செய்து வைக்க முடியாது. வாடிக்கையாளர் எல்லோரும் மாலை 7 மணிக்கும் 9 மணிக்கும் இடையில்தான் வருகிறார்கள். ஒரே மேசையில் இருக்கும் ஆறு பேருக்கும் ஆறு வேறு உணவுகள் ஒரே நிமிடத்தில் சூடாகப் போய்ச் சேர வேண்டும். ஒன்று பிந்தினால் மற்ற ஐந்தும் ஆறிவிடும்.

இதற்கு மேல் பணக்கணக்கு. உணவகத்தில் இருந்து சாப்பிடுபவர் கொடுக்கும் விலையில், நோர்வேயில் 25 வீதம் பெறுமதிசேர் வரி, நாங்கள் மொம்ஸ் என்பது, சேர்ந்திருக்கிறது. மிஞ்சுவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உணவுப் பொருளுக்குப் போகும். சம்பளம் அதற்குக் குறையாது. வாடகையும் மின்சாரமும் போனால் கையில் நிற்பது சிறு தொகை. வெட்டிய இறைச்சி விற்காமல் போனாலும், ஒருவர் தட்டைத் திருப்பி அனுப்பினாலும், அந்தச் சிறு தொகையிலிருந்தே கழியும். வாடகையைக் குறைக்க முதலாளியால் முடியாது. வரியைக் குறைக்க முடியாது. குறைக்கக் கூடியது ஆட்களின் எண்ணிக்கை ஒன்றுதான். மூன்று பேர் செய்யும் வேலையை இரண்டு பேர் செய்வது அங்கிருந்து தொடங்குகிறது. கூச்சலும் அங்கிருந்துதான்.

இந்த அழுத்தம் ஆளைக் கொல்லும் என்பதற்குப் பழைய சான்று உண்டு. 1671 ஏப்ரலில் சாந்தியி மாளிகையில் பதினான்காம் லூயி மன்னருக்கு நடந்த விருந்தைப் பொறுப்பேற்றிருந்த வத்தேல், மீன் நேரத்துக்கு வந்து சேரவில்லை என்ற அவமானத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார். சற்று நேரத்தில் மீன் வந்துசேர்ந்தது. 2003இல் பெர்னார் லுவாஸோ என்ற புகழ்பெற்ற பிரெஞ்சு சமையல் நிபுணரும் அவ்வாறே போனார். மனச்சோர்வும் கடனும் அவரை வாட்டியிருந்தன. மூன்றாவது மிஷெலின் நட்சத்திரம் பறிபோகும் என்ற பேச்சும் அடிபட்டது. அந்த ஆண்டு அவருடைய நட்சத்திரம் பறிபோகவில்லை. இரண்டு மரணங்களுக்கும் இடையே 332 ஆண்டுகள்.

அமைதியான குசினி

1884இல் எஸ்கொஃபியே மொண்டே கார்லோவில் கிராண்ட் ஹோட்டலின் குசினிப் பொறுப்பை ஏற்றார். அங்கே முகாமையாளராக இருந்தவர் சேசார் ரிட்ஸ் என்ற சுவிஸ்காரர். ஒருவர் விருந்தினரைக் கவனிக்க, மற்றவர் அடுப்பைக் கவனிக்க, இருவரும் சேர்ந்து ஹோட்டல் தொழிலின் முகத்தையே மாற்றினார்கள். 1890இல் இலண்டனில் புதிதாகத் திறக்கப்பட்டிருந்த சவோய் ஹோட்டலுக்கு இருவரும் அழைக்கப்பட்டார்கள்.

அங்கு போன முதல் நாள் நடந்ததை எஸ்கொஃபியே தன் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். முன்பிருந்த குசினிக் குழுவினர் வேலை பறிபோன ஆத்திரத்தில் எல்லாவற்றையும் நாசமாக்கிவிட்டுப் போயிருந்தார்கள். உப்புக்கூட மிச்சமில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, கடைகள் பூட்டு. பக்கத்தில் சாரிங் குரொஸ் ஹோட்டலில் சமையற் பொறுப்பிலிருந்த நண்பர் ஒருவரிடம் கடன் வாங்கி அன்றைய பந்தியை ஒப்பேற்றினார்.

சவோயில் அவர் நிலைநிறுத்திய முறைக்குப் பிரிகேட் என்று பெயர். அதற்கு முன்னரும் பெரிய குசினிகளில் பிரிவுகள் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியாக இயங்கியது, ஒரே வேலையை இரண்டு மூன்று பிரிவுகள் செய்தன. எஸ்கொஃபியே அதைப் பொருளின்படியும் செய்முறையின்படியும் பிரித்தார். சாறுகளுக்கு ஒருவர், வாட்டலுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், மரக்கறிக்கும் முட்டைக்கும் ஒருவர், குளிர் உணவுக்கும் களஞ்சியத்துக்கும் ஒருவர், இனிப்புக்கு ஒருவர். ஒவ்வொருவருக்கும் கீழே உதவியாளரும் பழகுநரும். எல்லோருக்கும் மேலே தலைமைச் சமையலாளரும் அவருக்கு அடுத்தவரும்.

மேயர்பேர் என்ற பெயரில் ஒரு முட்டை உணவு உண்டு. ஒருவரே முழுவதையும் செய்தால் ஏறக்குறைய கால் மணி நேரம் பிடிக்கும். எஸ்கொஃபியேயின் குசினியில் ஒருவர் முட்டையை வெண்ணெயில் வேகவைத்தார். அதே நேரத்தில் இன்னொருவர் ஆட்டுச் சிறுநீரகத்தை வாட்டினார். மூன்றாமவர் சாற்றை ஆயத்தம் செய்தார். சில நிமிடங்களில் தட்டு வெளியே போனது. கைகளை வேகமாக ஆட்டச் சொல்லி எவரையும் விரட்ட வேண்டியிருக்கவில்லை. காத்திருக்கும் நேரத்தைத்தான் அவர் வெட்டினார்.

ஆட்களை நடத்திய முறையிலும் அவர் மாற்றம் செய்தார். குசினிக்குள் மது கூடாது என்றார். வெறுமனே தடை போட்டால் தாகம் தீராது என்பதும் அவருக்குத் தெரியும். மருத்துவர் ஒருவரின் உதவியோடு பார்லியில் ஒரு பானம் தயாரிப்பித்து, எப்போதும் குடிக்கக்கூடியதாக வைத்தார். புகைத்தலுக்கும் கெட்ட வார்த்தைக்கும் தடை. கட்டளைகளை உரக்கச் சொல்பவருக்குப் பிரெஞ்சுக் குசினிகளில் குரைப்பவர் என்று பொருள்படும் பெயர் வழங்கிவந்தது. அதை அவர் அறிவிப்பவர் என்று மாற்றினார். அந்தப் பதவியிலிருந்தவர் கத்த வேண்டிய தேவையும் குறைந்தது. வேலை முடிந்து வெளியே போகும்போது தொழிலாளர்கள் நல்ல உடுப்பு அணிந்து போக வேண்டும், வாசிக்க வேண்டும், படிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். சமையற்காரனை மட்டமாகப் பார்த்த சமூகம் அவர்களை நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்பது அவர் நோக்கம். தனக்குக் கோபம் வந்தால் காதை இழுத்துக்கொண்டு குசினியை விட்டுச் சிறிது நேரம் வெளியே போய்விடுவார் என்று அவரோடு வேலை செய்தவர்கள் வழியாக ஒரு கதை வழங்குகிறது. 13 வயதில் தானே அடி வாங்கியவர் அந்த வழக்கத்தைத் தனக்குக் கீழே இறங்கவிடவில்லை.

மிஞ்சிய உணவையும் அவர் குப்பையில் போடவில்லை. இலண்டனில் முதியோரைப் பராமரித்த, ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்ற கன்னியர் மடத்துக்கு அது ஒழுங்காக அனுப்பப்பட்டது. 1890களின் தொடக்கத்தில் நெல்லி மெல்பா என்ற அவுஸ்திரேலியப் பாடகிக்காக அவர் செய்த பீச் பழ இனிப்பைத்தான் இன்றும் பீச் மெல்பா என்று உலகம் சாப்பிடுகிறது. சவோயில் பணக்காரருக்குச் சமைத்த அதே நேரம் முதியோர் மடத்துக்கும் எதை அனுப்பலாம் என்று அவர் பார்த்தார்.

பேரேட்டில் விழுந்த இடம்

1898 மார்ச் 8ஆம் திகதி ரிட்ஸும் எஸ்கொஃபியேயும் சவோயிலிருந்து நீக்கப்பட்டார்கள். குசினியிலிருந்த பிரெஞ்சு, சுவிஸ் தொழிலாளர் சிலர் கத்திகளோடு எதிர்த்து நின்றார்கள். பொலிஸ் வரவேண்டியிருந்தது. என்ன காரணம் என்று வெளியுலகுக்கு நெடுங்காலம் தெரியவில்லை. நிர்வாகம் கணக்காய்வு செய்திருந்தது. ஹோட்டலுக்கு வாடிக்கையாளர் நிறைந்து வழிந்தபோதும் இலாபம் குறைந்துகொண்டு போனதே அந்த ஆய்வுக்குக் காரணம். ஆயிரக்கணக்கான பவுண் பெறுமதியான மதுவகைக்குக் கணக்கு இல்லை. குசினிப் பக்கத்தில், பொருள் வழங்கியவர்களிடமிருந்து எஸ்கொஃபியே தரகுப்பணம் பெற்றிருந்தார். வழங்கியவர்கள் அந்தப் பணத்தை ஈடுகட்ட, நிறையையும் எண்ணிக்கையையும் குறைத்து அனுப்பிவிட்டு முழுத் தொகைக்கும் பில் எழுதினார்கள். 1900 ஜனவரியில் இருவரும் தவறை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டார்கள். எஸ்கொஃபியே பொறுப்பேற்ற தொகை 8,000 பவுண். அவரிடம் கொடுக்க இருந்தது 500 பவுண் மட்டுமே. அத்தோடு விடயம் மூடப்பட்டது. 1980களில்தான் பத்திரங்கள் வெளிவந்தன.

கணக்காளராக இதைப் படிக்கும்போது எமக்கு அந்த 500 பவுண்தான் கண்ணில் படுகிறது. தரகுப்பணம் பெறுவது அக்காலக் குசினிகளில் பரவலான வழக்கம் என்று அவருக்காக வாதாடுபவர்கள் உண்டு. வழக்கமாக இருந்தாலும் அது களவுதான். ஆனால் உலகத்தின் மிகப் புகழ்பெற்ற சமையலாளருக்கு, எட்டு ஆண்டுகள் அந்த ஹோட்டலுக்குப் பெயர் தேடிக் கொடுத்தபின், கையில் அவ்வளவுதான் இருந்தது. சம்பளம் ஒரு கணக்கு, ஏட்டில் வராத வரும்படி இன்னொரு கணக்கு என்று நடக்கும் தொழிலில் எவருக்கும் முதுமைக்குப் பாதுகாப்பு இல்லை. ஏட்டுக்கு வெளியே வருவது எந்த நாளும் ஏட்டுக்கு வெளியேயே போகும்.

அதன்பின்னும் அவர் விழுந்து கிடக்கவில்லை. 1898 ஜூனில் பரிஸில் ரிட்ஸ் ஹோட்டல் திறந்தது. 1899இல் இலண்டனில் கார்ல்டன் ஹோட்டல். அங்கே ஏறத்தாழ 60 சமையலாளர்கள் அவருக்குக் கீழே வேலை செய்தார்கள்.

1902இல் அந்தத் தொழிலின் அழுத்தம் இன்னொருவரை விழுத்தியது. ஏழாம் எட்வேர்ட் மன்னரின் முடிசூட்டு விழா ஜூன் 26ஆம் திகதி நடக்க இருந்தது. கார்ல்டனில் பெரும் விருந்துக்கு மாதக்கணக்கில் ஆயத்தம் நடந்தது. விழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில் மன்னருக்கு வயிற்றில் அவசர சத்திரசிகிச்சை, விழா பிற்போடப்பட்டது. பதிவுகள் எல்லாம் ரத்தாகின. எல்லோரிடமும் பக்குவமாகப் பேசிச் சமாளித்த ரிட்ஸ், அந்த நாளே நிலைகுலைந்து விழுந்தார். மனம் முழுமையாகத் தேறவேயில்லை. 1918இல் சுவிட்சர்லாந்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 68. வெளியே தெரியாத ஒரு சுமை பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்தது. மன்னரின் நோய் அதை இறக்கிய கடைசிக் கல்.

எஸ்கொஃபியே தொடர்ந்து வேலை செய்தார். 1903இல் அவருடைய பெருநூலான லு கிட் குலினேர் வெளிவந்தது. 5,000க்கும் மேற்பட்ட செய்முறைகள் அதில் உள்ளன. ஃபிலேயாஸ் ஜில்பேரும் எமில் ஃபெத்துவும் அவருக்கு உதவினார்கள். யாரோ ஒருவரின் தலைக்குள் இரகசியமாக இருந்த கைப்பக்குவம் எழுத்தில் வந்தபின், அதை மறைத்து வைத்து மற்றவரை மிரட்டும் அதிகாரமும் குறைகிறது. சின்னவனும் புத்தகத்தைப் பார்த்துக் கற்கலாம்.

பிரிந்திருந்த குடும்பம்

எம்மவர் மனதைத் தொடும் பகுதி ஒன்று இருக்கிறது. எஸ்கொஃபியே இலண்டனில் ஏறத்தாழ 30 ஆண்டுகள் வேலை செய்தார். ஆங்கிலம் கற்கவேயில்லை. குசினிக்குள் எல்லாம் பிரெஞ்சில் நடந்தது, வெளியே அவருக்கு வாழ்க்கை என்று அதிகம் இருக்கவில்லை. மனைவி டெல்ஃபின் ஒரு பதிப்பாளரின் மகள். மூன்று பிள்ளைகள். அந்த 30 ஆண்டுகளிற் பெரும்பகுதியை மனைவியும் பிள்ளைகளும் மொண்டே கார்லோவில் கழித்தார்கள். அவர் கடல் கடந்து சமைத்துக்கொண்டிருந்தார். மகன் டானியல் 1914இல் போர்முனையில் கொல்லப்பட்டான். தகப்பன் இலண்டன் குசினியை விடாமல், போருக்குப் போன சமையற்காரர்களின் குடும்பங்களுக்காக நிதி திரட்டினார்.

வேற்று நாட்டில் வேலை, வேறோர் இடத்தில் குடும்பம், மொழி வராத நகரம், போரில் பிள்ளை. இதை வாசிக்கும் எமது வீடுகளில் இந்த வரிசையை யாருக்கும் விளக்க வேண்டாம். ஒரு வேறுபாடு உண்டு. அவர் விரும்பிப் போனார், விரும்பினால் திரும்பியிருக்கலாம்.

ஓய்வின்றி நின்றவர்களுக்கு வயது போனபின் என்ன நடக்கும் என்ற கவலை அவருக்குக் கடைசிவரை இருந்தது. 1910இல் வறுமை ஒழிப்புப் பற்றி ஒரு சிறு நூல் எழுதி, உழைக்க முடியாத முதியோருக்கு உதவி கிடைக்கும் பொதுத்திட்டம் ஒன்றை முன்வைத்தார். ஓய்வூதியம் என்ற சொல்லே குசினிக்காரருக்கு அந்நியமாக இருந்த காலம் அது. 1919இல் பிரெஞ்சு அரசின் லெஜியோன் தொனர் விருது அவருக்கு வழங்கப்பட்டது. 1928இல் அதே விருதில் உயர்ந்த படி. 73 வயதளவில் கார்ல்டனை விட்டு மொண்டே கார்லோவுக்குத் திரும்பினார். பெரும் செல்வம் எதுவும் சேர்த்திருக்கவில்லை. 1935 பெப்ரவரியில் டெல்ஃபின் இறந்தார். சில நாட்களில், 12ஆம் திகதி, 88 வயதில் அவரும் போனார். பிறந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் பிறந்த வீடு 1966 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது.

அவர் முடிக்காத வேலை

எஸ்கொஃபியே குசினியின் சுவர்களுக்குள் இருந்த அழுத்தத்தைக் குறைத்தார். நேரம், சம்பளம், முதுமை ஆகிய மூன்றும் சுவர்களுக்கு வெளியே இருந்தன. அவற்றை ஒரு நல்ல தலைமைச் சமையலாளரால் மாற்ற முடியாது. சட்டம்தான் மாற்ற முடியும். அவருக்கு முதல் விருது கிடைத்த அதே 1919ஆம் ஆண்டில் நோர்வே எட்டு மணிநேர வேலைநாளைச் சட்டமாக்கியது. இன்றைய வேலைச்சூழல் சட்டப்படி ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் இடையில், பொதுவாக, தொடர்ச்சியாக 11 மணிநேர ஓய்வு கொடுக்க வேண்டும். மேலதிக நேரத்துக்கு மேலதிகக் கொடுப்பனவு வேண்டும். 2018 முதல் உணவகத் துறையில் குறைந்தபட்ச மணிநேர ஊதியம் கட்டாயம். தொழிற்சங்கத்தில் இல்லாதவருக்கும் அது பொருந்தும், வெளிநாட்டவருக்கும் பொருந்தும்.

சமையலில் நோர்வே இன்று சிறிய நாடு அல்ல. பிரான்ஸில் நடக்கும் பொக்யூஸ் டோர் உலகப் போட்டியை 1993இல் பென்ட் ஸ்டியான்சன் வென்றார். அதன்பின்னும் நோர்வேஜியர் பலமுறை வென்றிருக்கிறார்கள். 2016இல் ஒஸ்லோவின் மாயெமோ மூன்று மிஷெலின் நட்சத்திரம் பெற்றது, நாட்டிலேயே முதல் தடவையாக. எமது பிள்ளைகளில் சிலரும் இப்போது விரும்பி இந்தத் தொழிலுக்குப் போய், ஃபாக்பிரேவ் எனும் தொழிற்சான்றிதழோடு குசினிக்குள் நுழைகிறார்கள். தகப்பன்மார் பின்கதவால் நுழைந்த இடம் அது.

ஆனால் சட்டம் ஏட்டில் எழுதிய மணிநேரத்தைத்தான் பார்க்கும். உணவகக் கணக்குகளைப் பார்த்து வந்த எமக்குத் தெரிந்த உண்மை இது. எட்டு மணிநேரம் என்று எழுதிவிட்டுப் பன்னிரண்டு மணிநேரம் நிற்க வைக்கும் இடங்கள் உண்டு. எம்மவர் நடத்தும் கடைகளிலும் உண்டு. புதிதாக வந்த பையனுக்கு, விசா இன்னும் உறுதியாகாத ஒருவருக்கு, ஊர்க்காரன், உறவுக்காரன், நாங்கள்தானே உன்னை எடுத்துவிட்டோம் என்ற பேச்சோடு அது நடக்கும். அந்த நான்கு மணிநேரம் எந்தப் பேரேட்டிலும் இல்லை. அதற்கான ஓய்வூதியமும் இல்லை, நோய்க்கால ஊதியமும் இல்லை. இருபது ஆண்டுகள் கழித்து முழங்காலும் இடுப்பும் போனபின், நலன்புரி அலுவலகமான நாவ்வில் வரிசையில் நிற்கும்போதுதான், பாதி உழைப்புக்குப் பதிவே இல்லை என்பது அவருக்குத் தெரியவரும். சவோய் ஹோட்டலின் ஏட்டில் குறைந்துபோன முட்டைகளுக்குக் கணக்காய்வு நடந்தது. குறைத்து எழுதப்பட்ட மணிநேரங்களுக்குக் கணக்காய்வு அரிதாகத்தான் நடக்கிறது.

உணவகம் வைத்திருக்கும் எமது உறவுகளிடம் கேட்பது அதிகமில்லை. வேலையாள் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் உள்ளபடி எழுதுங்கள். அந்தச் சம்பளத்தைக் கொடுத்தால் கடை நிற்காது என்றால், சாப்பாட்டின் விலையை மறுபடி பாருங்கள், அல்லது சாப்பாட்டு வகைகளைக் குறையுங்கள். எண்பது வகை எழுதிய பட்டியலை இரண்டு பேர் ஓடி ஓடிச் சமைப்பதைவிட, இருபது வகையை ஒழுங்காகச் செய்வது கணக்குக்கும் நல்லது, ஆளுக்கும் நல்லது. எஸ்கொஃபியேயும் தன் வழியில் தேவையற்ற அலங்காரத்தைக் குறைத்து, உணவை எளிதாக்கினார்.

குசினியில் நின்ற பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களுடைய பழைய சம்பளச் சீட்டுகளையும் ஓய்வூதியப் பதிவையும் பிள்ளைகள் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நாவ்வின் இணையத்தளத்தில் ஒவ்வோர் ஆண்டும் பதிவான வருமானம் தெரியும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த ஆண்டு எங்கே நின்றார், என்ன வேலை செய்தார், எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தார் என்று கேளுங்கள். வருமானம் குறைவாகத் தெரியும் ஆண்டுகளுக்கும் ஒரு வரலாறு இருக்கும். அதை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதி வைக்கலாம்.